பேர் பதியாதவர்கள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொன்னவர் யாரோ தெரியாது. அவர் தோட்டத்தில் பிறந்தவராக மட்டும் இருக்க முடியாது. எனக்கு வாய் உண்டு. அந்த வாயை ஒரு நாள் மேடையில் திறந்ததால் என் அம்மாவும் அப்பாவும் தங்கையும் என்ன பாடு பட்டார்கள் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. இன்றைக்கு அதே மேடையில் ஏற்றிவிட்டாலும் அதையேதான் பேசுவேன். இத்தனை வருடமாகியும் கோபம் ஆறவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹல்துமுல்லைக்கு மேலே, மூடுபனி பகலிலும் விலகாத மலையில் இருந்தது. அங்கே எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சட்டம் உண்டு. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிற ஆள் வீட்டில் ஒருவராவது இருந்தால்தான் லயம் என்கிற வரிசைக் கட்டடத்தில் ஒரு காம்பரா உங்களுடையது. உங்களுடையது என்றால் இருந்துகொள்ளலாம் என்று அர்த்தம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மூன்று தலைமுறை அதே அறையில் பிறந்து அதே அறையில் செத்திருந்தாலும், பேர் பதிந்த ஆள் இல்லாத வீடு வெளியாள் வீடுதான்.

அதனால் ஒரு வழக்கம் இருந்தது. அம்மாவோ அப்பாவோ வேலையிலிருந்து நிற்கும்போது மகனையோ மகளையோ அந்த இடத்தில் பதிந்துவிடுவார்கள். கூடை கைமாறும், காம்பரா தங்கும். அப்பா தேயிலைத் தூசி நெஞ்சில் ஏறி எப்போதோ நின்றுவிட்டார். அம்மாவும் வயதாகி நிற்கிற நாள் வந்தபோது கங்காணி வீட்டுக்கே வந்து, சின்னவளின் பேரைப் பதிந்துவிடலாமா என்று கேட்டார். நல்ல மனுசன், நல்லதற்குத்தான் கேட்டார். நான் அப்போது பதுளைக்கு அருகே ஆசிரியர்களைப் பயிற்றும் ஒரு கல்லூரியில் சேர்ந்திருந்தேன். தங்கை உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள். "எம் பொண்ணுங்க பேரு பள்ளிக்கூடத்துல பதிஞ்சிருக்குங்க. அது போதும்."

கங்காணி தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அம்மா அன்று சந்தோசமாக இருந்தாள் என்று தங்கை பிறகு சொன்னாள். எங்கள் தோட்டத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல எத்தனை பேருக்கு ஆசை, எத்தனை பேருக்கு முடிந்தது? அம்மா சொன்னாள். உடனே யாரும் எங்களை வெளியேற்றவும் இல்லை. பேர் இல்லாமல் லயத்தில் இருந்த குடும்பங்கள் வேறும் இருந்தன. சும்மா கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். மலை அப்படி விடவில்லை.

மழைக்காலத்தில் ஒரு பகல் லயத்துக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்து வந்தது. பெரும்பாலானவர்கள் கொழுந்து எடுக்கப் போயிருந்ததால் உயிர்கள் தப்பின. அப்பா இருமிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர், சுவர் முனகுகிற சத்தத்தைக் கேட்டு எழுந்து ஓடியிருக்கிறார். பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குகிற மனிதர், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வரைக்கும் ஓடினாராம். திரும்பிப் பார்த்தபோது எங்கள் காம்பராவின் பின்பாதி இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் ஒரு வேர்க்கட்டை நின்றது.

லயத்துச் சனம் முழுவதையும் பழைய ஸ்டோரில் கொண்டுபோய் விட்டார்கள். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அது மூடிக் கிடந்த ஸ்டோர். கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற மேல்மாடியில், புடைவையையும் சாக்கையும் கயிற்றில் தொங்கவிட்டு அறை பிரித்துக்கொண்டார்கள். ஒரு குடும்பம் இருமினால் எல்லாக் குடும்பமும் விழிக்கும். புருசன் பெண்சாதி சண்டையைக்கூடக் குசுகுசுவென்று போட வேண்டும். தகரம் துருப்பிடித்து ஓட்டை ஓட்டையாக இருந்தது. பாத்திரங்கள் சமைப்பதற்கு உதவியதைவிட ஒழுகுகிற தண்ணீரைப் பிடிக்கத்தான் அதிகம் உதவின.

தற்காலிகம் என்றார்கள். எங்கள் நாட்டில் அதைவிட நீளமான காலம் கிடையாது. மாதங்கள் போயின. புது வீடு வரும், ஆளுக்கு ஏழு பேர்ச் அளவில் ஒரு துண்டுக் காணி வரும் என்று பேச்சு மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பேர் பதிந்தவர்களுக்குத்தான் வீடு என்ற பேச்சும் கூடவே வந்தது.

நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். எனக்குக் கட்டில் இருந்தது, மெத்தை இருந்தது, தலைக்கு மேலே ஒழுகாத கூரை இருந்தது. மழை பெய்கிற போதெல்லாம் அந்த மெத்தை என்னைக் குத்தும். மாதம் ஒரு தடவை தெமோதரை வழியாக ரயிலில் ஹப்புத்தளைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து ஸ்டோருக்குப் போவேன். அப்பாவின் மூச்சு ஒவ்வொரு தடவையும் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. தங்கை ஜன்னல் வெளிச்சத்துக்காகக் கொழுந்துத் தட்டுகளின் மேலே ஏறி உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள்.

கல்லூரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசலில் பட்டாளத்துக்காரர்கள் பையைத் துழாவுவார்கள். உள்ளே, கல்லூரித் தலைவருக்கு அடுத்தவரான உப பீடாதிபதி எங்கள் எழுத்தைத் துழாவுவார். சுவர்ப் பத்திரிகையில் ஒட்டுகிற ஒவ்வொரு துண்டிலும் அவருடைய கையெழுத்து வேண்டும். விடுதிப் பருப்பில் பருப்பைத் தேடி ஒருவன் எழுதிய கவிதைகூட மறுநாள் காலையில் காணாமல் போயிற்று. பருப்பைப் போலவே. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சட்டையில் சுருக்கம் விழாத மனிதர். பயந்தவர் என்று நாங்கள் சிரிப்போம். பயப்படுவதற்கு அவருக்கு என்ன காரணம் இருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வருடத் தமிழ் விழாவுக்கு ஒரு விவாதம் வைத்தார்கள். நீதிக்கு முதலில் வேண்டியது பேச்சுரிமையா, குடியிருக்க ஒரு வீடா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் வீட்டின் பக்கம் பேசுகிற அணி எனக்கு விழுந்தது. சாப்பாட்டு மேசையில் அன்றிலிருந்து அதே பேச்சுத்தான். எதிரணித் தலைவன் பண்டாரவளை நகரத்துப் பையன், கடைக்கு மேலே சொந்த வீடு. பேச முடியாதவன் வீடு கேட்பது எப்படி என்று அவன் கேட்பான். வீடில்லாதவன் எங்கே நின்று பேசுவான் என்று நான் கேட்பேன். மற்றவர்கள் தட்டில் தாளம் போடுவார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கும் பாதி நேரம் விளையாட்டாகத்தான் இருந்தது. மீதிப் பாதியில் சோறு இறங்காது.

பேச்சை முன்கூட்டியே எழுதி உப பீடாதிபதியிடம் காட்ட வேண்டும். நான் ஸ்டோரைப் பற்றி எழுதியிருந்தேன். தோட்டத்தின் பேரைப் போடவில்லை, ஆனால் புடைவைச் சுவர்களைப் பற்றியும், பேர் பதியாதவர்களுக்கு வீடு இல்லை என்பதைப் பற்றியும் எழுதியிருந்தேன். அவர் சிவப்புப் பேனையால் அதையெல்லாம் வெட்டிவிட்டு, எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நான் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் மட்டும் நன்று என்று போட்டிருந்தார். எலிகளைப் பற்றிப் பேசலாம், எங்களைப் பற்றிப் பேசக் கூடாது. நான் ஏன் என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, நீர் எழுதினது பொய் எண்டு நான் சொல்லேல்ல. ஆனா இதை இஞ்ச வாசிக்க ஏலாது. பிரதம விருந்தினரா வாறது ஆர் தெரியுமோ? உங்கட தோட்டத்துப் பெரிய துரை. மண்டபத்துக்குத் தகரம் தந்தது அவர்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தலைக்கு வராத தகரம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. சிரிப்பதைப் பார்த்ததும் அவர் குரல் தாழ்ந்தது.

"எனக்கும் ஒரு வீடு இருந்தது. கிணத்தடியில எலுமிச்சை நிண்டது. இப்ப அதுக்குள்ள ஆமி இருக்குது. அதைப் பற்றி நான் எங்கயாவது கதைச்சுக் கேட்டிருக்கிறீரோ?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு விடயம் மட்டும் புரியவில்லை. வாயை மூடியிருந்ததால் அவருக்கு அந்த வீடு திரும்பக் கிடைத்ததா?

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை முன்வரிசையில் இருந்தார். உயரமான சிங்களவர், முழங்கால் வரை காலுறை, மடியில் மாலை. பண்டாரவளைப் பையன் அருமையாகப் பேசினான். வாயைக் கட்டிப்போட்ட தேசத்தில் வீடு என்பது பெரிய கூண்டு என்றான். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. நல்ல வசனம்தான். கூண்டுகூட இல்லாத ஆளுக்கு அது எப்படிக் கேட்கும் என்று அவன் யோசித்திருக்கமாட்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் வீட்டில் சுவர்கள் செங்கல்லால் கட்டப்பட்டிருந்தன.

நான் எழுந்தேன். எலி வளையில் ஆரம்பித்தேன். சிவப்புக் கோடு படாத வரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். உலகமெங்கும் வீடற்றவர்கள் பலர் என்றேன். அப்படிச் சொன்னால் யாருக்கும் வலிக்காது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. புதுத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் என் குரலை அமுக்கியது. நான் நிறுத்தி மேலே பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட உள்ளே விழவில்லை. அந்த நேரத்தில் ஸ்டோர் மாடியில் அம்மா எந்தச் சட்டியை எந்த ஓட்டைக்குக் கீழே நகர்த்திக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எனக்குள் ஏதோ அறுந்தது.

மழைக்கு மேலே கத்தித்தான் பேசினேன். இந்தத் தகரம் ஒழுகவில்லை, இதைத் தந்த தோட்டத்தின் ஸ்டோரில் சனம் சட்டிகளை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றேன். வயதுக்கு வந்த பிள்ளைகள் சாக்குப்படுதாவுக்குப் பின்னால் உடுப்பு மாற்றுகிறார்கள் என்றேன். முப்பது நாற்பது வருடம் கொழுந்து பறித்தவளுக்கு, வேலையிலிருந்து நின்ற மறுநாள் முதல் அந்த மண்ணில் இடமில்லை என்பது எந்த நீதி என்று கேட்டேன். வீடுதான் முதலில் வேண்டும், பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாதாட வந்தவள் நான். என் அணிக்காரர்களே தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

நான் முடித்ததும் பின்வரிசையில், தோட்டத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து சத்தம் எழுந்தது. தலைப்பை விட்டு விலகிவிட்டேன் என்று நடுவர்கள் புள்ளி குறைத்தார்கள். பண்டாரவளை ஜெயித்தது.

உப பீடாதிபதி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நல்ல காலம், அவருக்குத் தமிழ் விளங்காது. பொதுவா வீட்டுப் பிரச்சினையைப் பற்றிக் கதைச்சவ எண்டு நான் இங்கிலிசில சொல்லிப்போட்டன்" என்றார்.

பாவம் மனிதர், தோட்டத்தை ரயில் ஜன்னலில் மட்டும் பார்த்தவர். தோட்டத்துத் துரைக்குத் தமிழ் தெரியாது என்று எங்கள் பக்கத்தில் தொட்டில் குழந்தைகூட நினைக்காது. அவர்கள் தொழிலே எங்கள் மொழியில்தான் நடக்கிறது. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டில் நின்று, யார் எந்த மலைக்குப் போக வேண்டும், யாருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் என்று எங்களைப் போலவே பேசுவார்கள். எங்கள் கெட்ட வார்த்தைகளும் அவர்களுக்கு மனப்பாடம். நான் பேசியதில் ஒரு எழுத்துக்கூட அவருக்கு விளங்காமல் போயிருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

தேத்தண்ணி கொடுக்கிற நேரத்தில் பெரிய துரை என்னைக் கூப்பிட்டார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"நல்லா பேசுற. யாரு மக நீ?" என்று கேட்டார்.

துரையின் தமிழைக் கேட்டதும் உப பீடாதிபதி தன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டார். தோட்டத்தில் அந்தக் கேள்விக்கு மறைத்துப் பதில் சொல்லுகிற வழக்கமே கிடையாது. யாரு மக என்று கேட்டால் நிமிர்ந்து நின்று சொல்லத்தான் எங்களை வளர்த்தார்கள். நான் அம்மாவின் பேரைச் சொன்னேன், அப்பாவின் பேரைச் சொன்னேன், எந்த லயம் என்று சொன்னேன், இப்போது ஸ்டோர் மாடியில் எந்தப் பக்கம் என்பதையும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, நல்லா படி என்றார். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நானும் ஒன்றை எடுத்துத் தின்றேன்.

பிறகு நடந்தது எல்லாமே ஒழுங்கு முறைப்படி நடந்தது. என் பேச்சைப் பற்றித் தோட்ட ஆபிசில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்டோர் கட்டடம் பாதுகாப்பில்லை என்று திடீரென்று கண்டுபிடித்தார்கள். உண்மையும் அதுதான். விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்தில் புதுத் தகரத்தில் கொட்டகைகள் எழும்பின. பேர் பதிந்த குடும்பங்களையெல்லாம் அங்கே கொண்டுபோனார்கள். பேர் இல்லாமல் ஸ்டோரில் இருந்த மற்ற இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் ஏதோ ஒரு சொந்தக்காரனின் பேரைக் காட்டி இடம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் வெளியாள் என்று பதில் வந்தது. ஸ்டோரைப் பூட்டிவிட்டார்கள்.

கங்காணி அம்மாவைத் தனியாகப் பார்த்து, உன் மகள் பதுளையில் நன்றாகப் பேசினாளாமே என்று மட்டும் கேட்டாராம். அம்மாவுக்கு விளங்கிவிட்டது. லயத்துச் சனமும் விலகியது. சிலர் பயத்தில் விலகினார்கள், சிலர் கோபத்தில். தங்களுக்கும் வரப்போகிற வீட்டை நான் கெடுத்துவிடுவேன் என்ற கோபம். தவளை தன் வாயால் கெடும் என்று ஒருத்தி அம்மாவின் காதில் விழும்படியே சொன்னாள். சாக்குப் படுதாவுக்கு அந்தப் பக்கம் அத்தனை மாதம் அடுப்பைப் பங்குபோட்டவள் அவள். யாருக்காகப் பேசினேனோ அவர்களே அப்படிச் சொன்னதைக் கேட்டபோது எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் தப்பும் காவடிக் கட்டைகளும் வைக்கிற ஒரு சாமான் அறை இருந்தது. கோயில்காரர்கள் அதைத் திறந்துவிட்டார்கள். திருவிழாவுக்குக் கொடி ஏறும்வரை இருந்துகொள்ளலாம் என்றார்கள். ஜன்னல் இல்லாத அறை. சாம்பிராணியும் எண்ணெய்ப் புகையும் சுவரிலேயே ஊறியிருந்தன. அப்பாவால் அங்கே படுக்க முடியவில்லை. வாசற்படியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார். சாமி கும்பிட வருகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். பிச்சைக்காரர் என்று நினைத்து வெளியூர்க்காரர் ஒருவர் காசு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அப்பா அதை உண்டியலில் போடச் சொல்லித் தங்கையிடம் கொடுத்தாராம். அதைத் தங்கை எனக்குச் சொன்ன விதம் என்னால் மறக்க முடியாதது. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

செய்தி கிடைத்து நான் அடுத்த ரயிலில் வந்தபோது மாசி பிறந்திருந்தது. திருவிழாவுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா சாமான்களைக் கட்டி வைத்திருந்தாள். எங்கே போகப் போகிறோம் என்று கேட்டேன். "கட்டி வைப்போம், பொறகு பார்ப்போம்" என்றாள். பூனாகலையில் அவளுடைய தூரத்து உறவு ஒன்று இருந்தது. அவர்களே ஒரு காம்பராவில் ஒன்பது பேர்.

நான் முடிவோடுதான் வந்திருந்தேன். கல்லூரியை விட்டுவிட்டு என் பேரைப் பதிந்துவிடுவது, பேர் பதிந்த ஆள் வீட்டில் ஆகிவிட்டால் கொட்டகையில் இடம் தராமல் இருக்க முடியாது, அதன்பிறகு வீடும். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் காலைப் பிடித்துக்கொள்வாள். காலையில் ஆபிசுக்குப் போய்ப் படியில் நின்றேன். பெரிய கிளாக்கர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். பேர் பதிய வந்திருக்கிறேன் என்றேன். மேடையில் வராத நடுக்கம் அங்கே வந்தது.

"ஒரு வீட்டுக்கு ஒரு பேரு போதும்மா. முந்தா நேத்தே ஒன் தங்கச்சி வந்து பதிஞ்சிருச்சே" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்துக்குத்தானே போயிருக்கிறாள் என்றேன். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு ஓடினேன். மத்தியான நிறுவைக்குப் பெண்கள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தங்கை வந்தாள். அம்மாவின் கூடை முதுகில், அம்மாவின் படங்குச் சாக்கு இடுப்பில். அம்மாவைவிட அவள் மெலிந்தவள், அதனால் சாக்கை இரண்டு சுற்று சுற்றியிருந்தாள். விரல்களில் கறை. என்னைப் பார்த்ததும் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். நான்தான் அழுதேன். அத்தனை பேருக்கு நடுவில் அவளைப் பிடித்து உலுக்கி, பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச மாசம்தானேடி, யாரைக் கேட்டு இதைச் செய்தாய் என்று கத்தினேன். கூடையைப் பிடித்து இழுத்தேன். கொழுந்து கீழே கொட்டியது. அவள் குனிந்து ஒவ்வொரு பிடியாக அள்ளிக் கூடையில் போட்டாள்.

"கத்தாத அக்கா. அப்பாவுக்கு அந்த அறையில மூச்சு நின்னுரும். நீ பதிய வந்தா எடுக்க மாட்டாங்கன்னு கங்காணி சொன்னாரு. அதான் நான் போனேன்."

"என்ன சொல்லிப் பதிஞ்ச?"

"எங்க வீட்டுல இனி யாரும் எங்கயும் பேச மாட்டோம்னு சொன்னேன்."

அதைச் சொல்லும்போது அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நீ போய்ப் படி, இரண்டு பேரும் இங்கே நின்றால் அம்மா செத்துவிடுவாள் என்றாள். நிறுவைக்கு அவள் முறை வந்தது, போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே கொட்டகையில் இடம் கிடைத்தது. கொடி ஏறுவதற்கு முன்பே சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனோம். அம்மா தங்கையிடம் ஒரு வாரம் பேசவில்லை. சமைத்துத் தட்டில் போட்டு வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். பள்ளிக்கூடத்தில் பதிந்த பேர் போதும் என்று சொன்ன வாய் அது. பிறகு ஒரு காலையில் தங்கையின் இடுப்பில் படங்கைத் தானே கட்டிவிட்டாள், அது வழுக்காமல் நிற்க முடிச்சு எப்படிப் போட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நான் வெளியே போனேன்.

நான் கல்லூரிக்குத் திரும்பினேன், படித்து முடித்தேன், ஆசிரியை ஆனேன். கொட்டகையில் அப்பா இரண்டு மழைக்காலம் இருந்தார். மூன்றாவதைப் பார்க்கவில்லை. அவர் போன அடுத்த வருடம் வீடுகள் வந்தன. பழைய தேயிலையைப் பிடுங்கிய ஒரு சரிவில், வரிசையாக, இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியுமாக. தங்கையின் பேருக்கு ஒன்று.

திறப்பு விழாவுக்கு நானும் லீவு எடுத்துக்கொண்டு வந்தேன். பந்தல், வாழை மரம், ஒலிபெருக்கி. பெரிய துரை வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. இன்னும் சில பெரிய மனிதர்களும் வந்திருந்தார்கள். குடியிருக்கப் போகிறவர்கள் சார்பில் ஒருவர் நன்றி சொல்ல வேண்டும் என்றார்கள். படித்த பிள்ளை என்று தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார் துரை. என்னை அவர் பார்த்தார். தெரிந்துகொண்டாரா இல்லையா என்பதை அந்த முகத்திலிருந்து யாராலும் எடுக்க முடியாது.

தங்கை மேடை ஏறினாள். கையில் தாள் இல்லை. வணக்கம் சொல்லி, ஒவ்வொருவரையும் வரிசை தவறாமல் விளித்தாள். குரல் தெளிவாக இருந்தது, எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மழையிலும் வெயிலிலும் எங்களைக் கைவிடாத தோட்டம் என்றாள். துரை எங்களுக்குத் தகப்பன் மாதிரி என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நாங்க யாரும் வாயைத் திறந்து கேக்கல. கேக்காமலேயே எங்க கஷ்டத்தைப் பார்த்துக் கொடுத்தாங்க" என்றாள்.

சனம் கைதட்டியது. அம்மாவும் தட்டினாள். என் கைகளும் தட்டிக்கொண்டிருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன். சாவியை வாங்கிக்கொண்டு இறங்கிய தங்கை நேராக என்னிடம் வந்தாள். மேடைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"சரியா பேசினேனா அக்கா?" என்று கேட்டாள்.

அவள் ஒரு சொல் தவறாமல் பேசியிருந்தாள். அதைத்தான் அவளிடம் சொன்னேன்.